ஆற்றங்கரைச் சத்திரத்தில் கை நனைத்தது

பெண் பார்த்த கதையைச் சொல்லச் சொன்னால் என் வயதுக்காரிகள் எல்லாரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததாகத்தான் சொல்வார்கள். நானும் குனிந்துதான் இருந்தேன். ஆனால் வெட்கத்தால் இல்லை. நிமிர்ந்தால் அடுப்பில் இருந்த ஆப்பச்சட்டி கண்ணில் பட்டது. பட்டால் வயிறு சத்தம் போட்டது. அத்தோடு கோபம் வேறு. பசியும் கோபமும் ஒன்றாக வந்தால் நான் நல்ல பெண்ணாக இருக்கமாட்டேன். இன்றைக்கும் அப்படித்தான், என் மருமகளைக் கேட்டுப் பாருங்கள்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்துக்குத் தோட்டம் ஆள் குறைத்து, பிறகு மெல்லத் தலை தூக்கிய காலம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். மலாயாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுப்பதைப் பால்மரம் வெட்டுவது என்போம். அப்பா வெட்டினார், நானும் வெட்டினேன். எனக்குப் பதினேழு வயது. அம்மா இல்லை. என் தங்கையைப் பெற்ற பத்தாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அன்றிலிருந்து தங்கை என் இடுப்பில்தான் வளர்ந்தாள். விடியுமுன் அவளைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரத்துக்குப் போவேன். பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு ஓடி வந்து தூக்கிக்கொள்வேன். அவளுக்குப் பேச்சு வந்தபோது என்னைப் பார்த்துத்தான் ‘அம்மா’ என்றாள். நான் திருத்தவில்லை. யார் திருத்துவார்கள், சொல்லுங்கள்.

அம்மா போன அடுத்த வருஷம் அத்தை ஊரிலிருந்து கப்பலேறி வந்தாள். அப்பாவின் அக்கா. புருஷனும் போய், பெற்ற இரண்டும் தக்காமல் போய், தனியாக இருந்தவள். லயம் என்கிற கூலிக்காரர் வரிசையில் இருந்த எங்கள் வீட்டுக்குள் அவள் நுழைந்ததும் உப்பு எங்கே, ஊசி எங்கே என்பதெல்லாம் எங்களுக்கே புதிதாகத் தெரிய வந்தது. எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இருக்கும். எந்த நாளும் அவளுக்கு நினைவு தப்பாது. முறை, சடங்கு, எது கூடும், எது கூடாது என்று லயத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவளிடம்தான் வந்து நிற்பார்கள்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் அப்பாவும் அத்தையும் ஒன்று பேசி முடித்துக்கொண்டார்கள். என் கல்யாணம் முடிந்ததும் அத்தை ஊருக்குத் திரும்புவாள். தங்கையையும் தன்னோடு கூட்டிப் போவாள். விடியுமுன் வேலைக்குப் போகிற ஆண்பிள்ளை தனியாக ஒரு பெண்குழந்தையை எப்படி வளர்ப்பார் என்பது அப்பாவின் கவலை. நியாயம்தான். புகுந்த வீட்டுக்குப் போகிறவள் கூடவே ஒரு குழந்தையையும் இழுத்துக்கொண்டு போக முடியுமா என்பது அத்தையின் கேள்வி. அதுவும் நியாயம்தான். எல்லாருடைய நியாயமும் சரியாக இருந்தது, என் நெஞ்சு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் போன குழந்தையை நான் திரும்பப் பார்க்கப் போவதில்லை. எங்கள் தோட்டத்தில் அப்படிப் போனவர் யாரையும் யாரும் திரும்பப் பார்த்ததில்லை. தங்கை இல்லாமல் எந்த வீட்டுக்கும் போவதில்லை என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற இடமும் எனக்குக் கொடுக்கப்படவில்லை.

இப்போது சத்திரத்துக்கு ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். முந்தின வருஷம் பீடோர் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் என்னைப் பார்க்க வந்தது. பெண் பிடித்திருக்கிறது என்று வாய் நிறையச் சொன்னார்கள். அப்பா கோழி அடித்தார். கை நனைத்தார்கள். எங்களில் அதுதான் வாக்கு. பேச்சு முடிகிறவரை ஒரு வீட்டார் மற்ற வீட்டாரின் சோற்றை ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டார்கள், சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அவர்கள் மூன்று தரம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போய், ஒரு மாதம் கழித்து ‘தோதுப்படவில்லை’ என்று ஆள் அனுப்பினார்கள். அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. கோழி போனதற்கு இல்லை. நனைத்த கைக்கு மதிப்பில்லாமல் போனதற்கு.

அதனால் அடுத்த இடம் வந்தபோது அப்பா ஒரு நிபந்தனை வைத்தார். எங்கள் வீட்டிலும் வேண்டாம், உங்கள் வீட்டிலும் வேண்டாம். மாப்பிள்ளையின் தோட்டம் பேராக் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆற்றின் எங்கள் கரையில், சம்பான் படகு வந்து ஒதுங்கும் துறைக்குப் பக்கத்தில், ஒரு ராவுத்தர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பின்னால் இரண்டு அறை உண்டு. படகைத் தவற விட்டவர்கள் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம். அதனால் எல்லாரும் அதைச் சத்திரம் என்றே சொன்னார்கள். அங்கே சந்தித்துப் பேசுவது, பேச்சு முடிந்தால் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பசியாறுவது, முடியாவிட்டால் யாரும் யார் சோற்றிலும் கை வைக்காமல் அவரவர் வழியில் போவது.

“கடைச் சோறுதானே, அது யார் வீட்டுச் சோறு?” என்று அப்பா அத்தையிடம் கேட்டார்.

“யார் வாங்கிக் குடுக்கறாங்களோ அவங்க வீட்டுச் சோறு,” என்றாள் அத்தை. அதற்கு மேல் அதில் பேச்சில்லை.

சம்பளம் போட்ட மறுநாள், தோட்டத்தில் வேலை கிடையாது. இருட்டிலேயே மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினோம். அப்பா ஓட்டினார். நானும் அத்தையும் உள்ளே, தங்கை நடுவில். மூன்று நாளாகத் தங்கைக்கு ஒரே பாடம். என்னை ‘அக்கா’ என்று கூப்பிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ‘அம்மா’ என்று கூப்பிட்டால் என் பெயர் என்ன ஆகும்! அத்தை கேட்பாள்: “இது யாரு?” தங்கை என்னைப் பார்ப்பாள். “அக்கா,” என்பாள். வண்டியிலும் அது நடந்தது. ஒவ்வொரு தடவை அவள் சரியாகச் சொன்னபோதும் எனக்கு எரிச்சலாக வந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல், “போதும் அத்தை, அவ என்ன கிளியா?” என்றேன்.

அத்தை என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் மடியில் ஒரு துணி மூட்டை இருந்தது. தங்கைக்கு மாற்றுப் பாவாடையாக இருக்கும் என்று நினைத்தேன்.

“இவள கூட்டிட்டுப் போயிடுவீங்க இல்ல?” என்று கேட்டேன். வாய் தவறி வந்துவிட்டது. அப்பாவுக்குக் கேட்டிருக்கும், ஆனால் அவர் மாட்டைத்தான் அதட்டினார். அத்தை தங்கையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டபடி, “நல்ல காரியத்துக்குப் போறோம், அழுவாத,” என்றாள். நான் அழவே இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் வைதேன்.

போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. சத்திரம் ஆற்றுக்கு மேல் கால்கள் ஊன்றி நின்றது. அத்தாப்பு ஓலைக் கூரை, பலகைத் தரை. பலகைக்கு இடையே குனிந்து பார்த்தால் கீழே கலங்கிய தண்ணீர் ஓடுவது தெரியும். மேலே எங்கோ இரவெல்லாம் மழை பெய்திருக்க வேண்டும், ஆறு பழுப்பாகப் பெருகி, வேரோடு வந்த மூங்கில் புதர்களைச் சுமந்துகொண்டு போனது. இரண்டு நீளப் பெஞ்சுகள் எதிரும் புதிருமாகக் கிடந்தன. ஓரத்தில் அடுப்பு. அதில் ஆப்பம் ஒரு பக்கம், மீன் குழம்பு ஒரு பக்கம். அந்த வாசனையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஆற்று மீனும் புளியும் சுட்ட தேங்காயும் கலந்த வாசனை.

அத்தை கடைசியாக இறங்கி, எங்கள் பெஞ்சின் மூலையில் போய் உட்கார்ந்தாள். புருஷனை இழந்தவள், நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்று அவளே தனக்கு விதித்துக்கொண்ட இடம். யாரும் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

“வாங்க வாங்க, எத்தன ஆப்பம் போடட்டும்?” என்றார் கடைக்காரர். எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். தொப்பி, கட்டம் போட்ட கைலி, எப்போதும் சிரித்த வாய்.

“இப்ப வேணாம் நானா. ஆளுங்க வரட்டும்,” என்றார் அப்பா.

“வந்தப்புறம்?”

“பேசி முடியட்டும்.”

“முடியலன்னா?”

“போயிருவோம்.”

நானாவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஆறு பெருகியிருந்ததால் சம்பான் நேரே குறுக்கே வர முடியவில்லை. தூரத்தில் மேலேறிச் சுற்றி வந்து இறங்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வர நேரமாயிற்று. நாங்கள் நாலு பேரும் சாப்பாட்டுக் கடையில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். துறைக்கு வந்த மலாய்க்காரர்கள் இரண்டு பேர் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். நானா தட்டைத் துடைத்தபடி, “நான் கடை வச்சிருக்கேனா கோர்ட்டு வச்சிருக்கேனா? ஒரு கோப்பியாவது குடிங்களேன்,” என்றார். அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை, “தண்ணி குடிக்கலாம், தப்பில்ல,” என்றாள். தண்ணீர் குடித்தோம். வெறும் வயிற்றில் தண்ணீர் விழுகிற சத்தம் எனக்கே கேட்டது.

அவர்கள் மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அம்மாவின் தம்பி. பேச்செல்லாம் அந்தத் தாய்மாமனுடையது. எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். எந்த ஊர், எந்தக் கங்காணி வழியாக வந்தீர்கள், யார் யாருக்கு யார் உறவு என்று ஆற்றைவிட வேகமாக ஓடினார். பிறகு என்னிடம் வந்தார்.

“பொண்ணு மரம் நல்லா வெட்டுமா?”

“ஆம்பளைக்குச் சரியா வெட்டும்,” என்றார் அப்பா. அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா என் வலது கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கத்தி பிடித்துப் பிடித்துக் காய்த்துப் போன இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். பூ வைத்திருக்கிறேனா, பாடத் தெரியுமா என்றெல்லாம் கேட்கவில்லை. எங்கள் பெண் பார்க்கும் படலம் அந்தக் காய்ப்பில்தான். அவர் என் கையைப் பார்த்தபோது நான் அவர் மகனின் கையைப் பார்த்துக்கொண்டேன். மாப்பிள்ளை ரப்பர் ஷீட்டுகளைப் புகை போடும் கொட்டகையில் வேலை செய்பவர். நகக்கண்ணெல்லாம் கறுத்திருந்தது, மணிக்கட்டில் ஒரு பழைய தீக்காயம். ஆள் பரவாயில்லை. இதை அவரிடம் நாற்பது வருஷம் கழித்துத்தான் சொன்னேன்.

பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கல்யாணத்தை எந்தக் கோயிலில் வைப்பது, எந்த மாதம் என்று தாய்மாமன் ஒன்றைத் தொட்டு ஒன்றை விட்டுப் போனார். தங்கை முதலில் என் முந்தானையை மென்றாள். பிறகு பெஞ்சிலிருந்து இறங்கிப் பலகை இடுக்கில் ஆற்றைப் பார்த்தாள். பிறகு சிணுங்கினாள். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை மடி மூட்டையின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை சிணுங்குகிறது, வாரி எடுத்து வெளியே கூட்டிப் போய்ப் படகைக் காட்டு, கோழியைக் காட்டு, ஏதாவது செய்! அவள் அசையவில்லை. நாளைக்கு இவளை வளர்க்கப் போகிறவள் இவள்தானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தங்கை என் முழங்காலைக் கட்டிக்கொண்டு, மூன்று நாள் பாடத்தையும் ஒரே நொடியில் தூக்கிப் போட்டாள்.

“அம்மா, பசிக்கிது.”

தாய்மாமனின் வாய் திறந்தபடியே நின்றது. நானாகூடத் திரும்பிப் பார்த்தார். அப்பா எழுந்தேவிட்டார். “இது அதோட தங்கச்சி. தாய் பெத்துட்டுப் போயிட்டா. இதுதான் வளத்துச்சு, அதனால அப்படிக் கூப்பிடுது. வேற ஒண்ணும் நெனச்சிராதீங்க,” என்று ஒரே மூச்சில் சொன்னார். அவர் குரல் நடுங்கியதை நான் அன்று முதல் தடவை கேட்டேன். என் காது இரண்டும் சுட்டது.

தாய்மாமன் ‘ஓகோ’ என்று மட்டும் சொன்னார். அந்த ஓகோவில் பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். மாப்பிள்ளையின் அம்மா என்னையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நானாவைப் பார்த்துச் சொன்னார்.

“நானா, ஒரு ஆப்பம் குடுங்க. தேங்காப்பால் ஊத்தி.”

“வேணாம்மா, பேச்சு இன்னும்...” என்று அப்பா தடுப்பதற்குள் நானா தட்டை நீட்டிவிட்டார். அவ்வளவு நேரம் காத்திருந்த மனுஷன், பாவம். அந்த அம்மா ஆப்பத்தைப் பிய்த்துப் பாலில் தோய்த்து ஊதினார். தங்கை என் முழங்காலை விட்டாள். இரண்டு பெஞ்சுக்கும் நடுவே இருந்த அந்த நாலடி தூரத்தை நடந்து கடந்தாள். வாயைத் திறந்தாள். வாங்கிக்கொண்டாள். இரண்டாவது வாய்க்குக் காத்திராமல் தட்டில் தானே கையை விட்டாள்.

தாய்மாமன் சிரித்தார். “அடடே! பொண்ணு வீட்டாளு கை நனைச்சாச்சு போலிருக்கே!”

“அது பச்சப் புள்ள,” என்றார் அப்பா. அவர் முகம் இறுகிவிட்டது. பீடோர்க்காரர்கள் நினைவுக்கு வந்திருப்பார்கள்.

“ஆமாமா, புள்ளக் கையெல்லாம் கணக்குல சேத்துக்க முடியுமா? பேச்ச விட்ட எடத்துலேருந்து...” என்று தாய்மாமன் தொடங்கினார்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. பசி என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். நான் எழுந்து நின்றேன்.

“புள்ளன்னா அதுக்குக் கை இல்லையா?” என்றேன். “அவ நனைச்சா நான் நனைச்ச மாதிரிதான். அவள விட்டுட்டு நான் எந்த வீட்டுக்கும் வாரதா இல்ல.”

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசியது அந்தத் துறையில் அதுவே முதல் தடவையாக இருக்கும். தாய்மாமன் தன் அக்காவைப் பார்த்து, “பொண்ணு நல்லாத்தான் பேசுது,” என்றார். அது புகழ்ச்சி இல்லை. அப்பா என்னை உட்காரச் சொல்லவும் மறந்து நின்றார்.

“விட்டுட்டுன்னா? இது எங்க போவுது?” என்று கேட்டார் அந்த அம்மா.

அப்பா சொன்னார். கப்பலைச் சொன்னார். ஊரைச் சொன்னார். மூலையில் இருந்த அத்தையைக் காட்டினார். சொல்லச் சொல்ல அவர் குரல் தேய்ந்துகொண்டே போனது. அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார், அவர் கை மட்டும் நிற்கவில்லை. பிய்ப்பதும் தோய்ப்பதும் ஊதுவதுமாக இருந்தது. தட்டு காலியானது. அப்போதுதான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

“இன்னொரு ஆப்பம் சொல்லட்டுமாம்மா?”

அந்த அம்மா மகனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார். “அண்ணே, எனக்கு ஒரு வார்த்த தெரியணும். எங்க தம்பி கணக்குல வராதுங்கறான். உங்கள்ல எப்படி? புள்ளக் கை கணக்கா, இல்லையா?”

முறை என்று வந்துவிட்டால் அப்பா தானாக ஒன்றும் சொல்லமாட்டார். அத்தையின் பக்கம் திரும்பினார். எல்லாரும் திரும்பினோம்.

“அக்கா, நீ சொல்லு.”

தங்கை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த பாலை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். அத்தை அதைப் பார்த்தாள். கீழே ஆற்றில் ஏதோ கட்டை வந்து சத்திரத்தின் காலில் இடித்துவிட்டுப் போனது. அவள் ‘இல்லை’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். குழந்தை அவளுக்கு. அப்பா மறுவார்த்தை பேசமாட்டார். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“கை கைதான்,” என்றாள் அத்தை. “அதுல சின்னது என்ன, பெருசு என்ன?”

மாப்பிள்ளையின் அம்மா தங்கையின் வாயைத் தன் முந்தானையால் துடைத்தார். “அப்படின்னா இது எங்க வீட்டுப் புள்ள. சின்னவ நனைச்சிட்டா. பெரியவ இன்னும் பட்டினியா நிக்கிறாளே, வந்து பசியாறச் சொல்லுங்க,” என்றார். தாய்மாமனுக்கு அதற்கு மேல் பேச இடமில்லை. ஆனாலும் இரண்டு வாக்கியம் பேசிவிட்டுத்தான் நிறுத்தினார்.

பசியாறினோம். நானா இலை இலையாகப் போட்டார். ஆப்பம், மீன் குழம்பு, கடைசியில் கோப்பி. குழம்பு காரம், கண்ணில் தண்ணீர் வந்தது. காரம்தான் என்று வைத்துக்கொண்டேன். அப்பா சிரித்தார், தாய்மாமனுக்கு ஒரு மீன் துண்டைத் தள்ளி வைத்தார். பீடோர்க்காரர்கள் கொண்டுபோன சிரிப்பு அது, ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. நான் எத்தனை ஆப்பம் சாப்பிட்டேன் என்று என் வீட்டுக்காரர் கடைசிவரை கேலி செய்தார். அத்தை மட்டும் இலையில் உட்காரவில்லை. பசியில்லை என்றாள்.

திரும்புகிற வழியில் தங்கை அத்தையின் தோளில் தூங்கிவிட்டாள். வாயில் வழிந்ததைத் துடைக்கத் துணி தேடினேன். அத்தையின் மூட்டை பக்கத்தில் கிடந்தது. மாற்றுப் பாவாடை இருக்கும் என்று உள்ளே கையை விட்டேன். கையில் பட்டது வாழையிலை. அதற்குள் தேங்காய்ச் சோறு, உருண்டை உருண்டையாக. ஒவ்வொன்றும் ஒரு சின்ன வாய்க்கு அளவாகப் பிடித்தது.

நம் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன நம் சோறு. அதைக் குழந்தைக்குக் கொடுத்தால் எந்த முறையும் கெடாது. அதுவே எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

“இத மடியில வச்சிக்கிட்டா புள்ளய அழ விட்டீங்க?” என்றேன். “அத்தன பேரு முன்னால எனக்கு மானம் போச்சு. எடுத்துக் குடுத்திருந்தா என்ன?”

“மறந்துட்டேன்டி,” என்றாள் அத்தை.

நான் விடவில்லை. பிள்ளை பெற்றவளுக்குத்தானே பிள்ளையின் பசி தெரியும் என்றுகூடச் சொன்னேன். இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அப்படிச் சொன்னேன். அந்த வாயை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அப்பா முன்னாலிருந்து அதட்டினார். அத்தை தங்கையின் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

கல்யாணம் முடிந்தது. தங்கை என்னோடு ஆற்றைக் கடந்தாள். அத்தை ஊருக்குக் கிளம்பிய அன்று சுங்கை சிப்புட் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனோம். ரயிலேறிப் பினாங்கு போய், அங்கிருந்து கப்பல். ரயில் வருகிறவரை அத்தை எனக்குத் தங்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எந்தப் பக்கம் படுத்தால் தூங்குவாள், இருமினால் எதைக் கொடுக்க வேண்டும், எந்தக் கடைவாய்ப் பல் முளைக்கிறது, காது குத்த இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது. ஒன்று விடவில்லை. கடைசியில் ஒரு துணி மூட்டையை என் கையில் வைத்தாள். அதே துணி.

“வழியில பசிக்கும். அழுதா ஒடனே குடு,” என்றாள். கொஞ்சம் சிரித்துக்கொண்டு, “நீயாவது மறந்துடாத,” என்றாள்.

நானும் சிரித்தேன். ரயில் வந்தது, ஏறினாள், போனது. அவள் கை ஜன்னலில் தெரிந்தவரை தங்கை கை காட்டினாள். பிறகு உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள். எனக்கு உடனே மூட்டை நினைவுக்கு வந்தது. முடிச்சின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தேன். சுருக்கு முடிச்சு, ஒரே இழுப்பில் அவிழ்ந்து விழுந்தது. உள்ளே வாழையிலை, அதே அளவு உருண்டைகள்.

அங்கேயே, அந்த மேடையில், எனக்குக் கை நின்றுவிட்டது. அன்று சத்திரத்தில் தங்கை சிணுங்கியபோது அத்தையின் இரண்டு கையும் இந்த முடிச்சின் மேல்தான் இருந்தன. ஒரு இழுப்பு. அதற்கு மேல் வேலையில்லை. இழுத்திருந்தால் குழந்தை அந்த நாலடியை நடந்திருக்கமாட்டாள். முளைக்கிற பல்லைக்கூட மறக்காதவள் மடியில் இருந்த சோற்றை மறந்தாளா?

வண்டியில் நான் கேட்ட கேள்வியிலேயே அவள் முடிவு செய்துவிட்டாளா, இல்லை அந்த நேரத்தில் கை எழாமல் போனதா, எனக்குத் தெரியாது. எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்கு அப்போது எழுதத் தெரியாது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லி எழுத வைக்கிற சங்கதியா அது? என் பிள்ளைகளோடு உட்கார்ந்து நான் எழுத்துக் கற்றபோது, முதலில் எழுத நினைத்த கடிதம் அவளுக்குத்தான். அதற்குள் ஊரிலிருந்து அவள் போய்விட்ட செய்தி வந்துவிட்டது.

அன்று ஸ்டேஷன் மேடையில் தங்கைக்கு ஒவ்வொரு உருண்டையாக ஊட்டினேன். வாயில் உருண்டையை வைத்துக்கொண்டே, “அத்தைக்கு?” என்று கேட்டாள் அவள். தண்டவாளம் காலியாகக் கிடந்தது. அத்தை சாப்பிட்டுவிட்டாள் என்று சொன்னேன்.